ஒருவரிடமாவது சொல்லுங்கள்

(வாரியத்தின் மூத்த குடிமக்கள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

முதியோரைக் குறிவைக்கும் மோசடிகள் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் 1975 முதல் 2009 வரை, 34 ஆண்டுகள் பட்டர்வொர்த்தில் வங்கிப் பணியில் இருந்தவன். அதனால் இந்தப் பொருளில் பேச நான் தகுதியானவன் என்று அவர் நினைத்திருப்பார். என்னுடைய உண்மையான தகுதி அதுவன்று. நானே ஏமாந்தவன். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மூன்றே நாட்களில், 46,000 ரிங்கிட்டை முகம் தெரியாத ஒருவனுக்கு என் கையாலேயே அனுப்பி வைத்தேன்.

இதை மேடையேறிச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். "பேங்க் ஐயா" என்று என்னை அழைத்து, பாரம் நிரப்பவும் ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்க்கவும் என் வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் முன் நின்று என் அறியாமையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயினும் சொல்கிறேன். சொல்லாமல் இருந்ததால் நான் இழந்தது, பணத்தை அனுப்பியதால் இழந்ததைவிடப் பெரிது.

நடந்தது இதுதான்

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். என் துணைவியார் மகளைப் பார்க்கச் சுங்கைப் பட்டாணிக்குப் போயிருந்தார். வீட்டில் நான் தனியாக இருந்தேன். தொலைபேசி ஒலித்தது. பொட்டலங்கள் அனுப்பும் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒரு பெண் மலாய் மொழியில் மரியாதையாகச் சொன்னாள். என் பெயரில் ஒரு பொட்டலம் பிடிபட்டிருக்கிறதாம். அதில் பலருடைய அடையாள அட்டைகளும் வங்கி அட்டைகளும் இருக்கின்றனவாம். நான் அனுப்பவில்லை என்றேன். "அப்படியானால் உங்கள் அடையாள அட்டை எண்ணை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், உடனே போலீசில் புகார் செய்யுங்கள், நானே இணைப்புக் கொடுக்கிறேன்" என்றாள். எனக்கு உதவி செய்கிறாள் என்றே நினைத்தேன்.

அடுத்துப் பேசியவன் தன்னை இன்ஸ்பெக்டர் என்று சொல்லிக்கொண்டான். பின்னணியில் வாக்கிடாக்கி சத்தம் கேட்டது. என் அடையாள அட்டை எண்ணை நான் சொல்வதற்கு முன்பே அவன் சொன்னான். என் வீட்டு முகவரியையும் சொன்னான். அந்த நொடியிலேயே என் சந்தேகம் பாதி கரைந்துவிட்டது. கறுப்புப் பண வழக்கில் என் பெயர் இருக்கிறது, கைது ஆணை தயாராகிவிட்டது என்று சொல்லி, அரசாங்க முத்திரை போட்ட ஒரு தாளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதில் என் பெயர் இருந்தது. என் படமும் இருந்தது.

பிறகு அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கதைக்கு ஆணிவேர். "இது இரகசிய விசாரணை. மனைவியிடமோ பிள்ளைகளிடமோ சொன்னால் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள்" என்றான்.

அன்று மாலை என் துணைவியார் வீட்டுக்கு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாட்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் அழைக்கும்போதெல்லாம் எடுத்துப் பேசினேன். இரண்டு மணிக்கு ஒருமுறை நான் எங்கிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசியில், என் சேமிப்பு குற்றப் பணம் அன்று என்று நிரூபிக்க, அதைப் பேங்க் நெகாராவின் சோதனைக் கணக்குக்கு மாற்ற வேண்டும், சோதனை முடிந்ததும் திரும்பி வந்துவிடும் என்றான். மூன்று முறையாக மாற்றினேன்.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். பேங்க் நெகாரா பொதுமக்களுக்குக் கணக்குத் திறப்பதில்லை. தனி ஆட்களின் பணத்தை வாங்கி வைப்பதும் இல்லை. அது 34 ஆண்டுகள் வங்கியில் இருந்த எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தும் ஏமாந்தேன். அறிவு தூங்கிவிட்டது; அச்சம் விழித்திருந்தது. ஆகவே, "படிக்காதவர்கள்தாம் ஏமாறுவார்கள், பேராசைக்காரர்கள்தாம் ஏமாறுவார்கள்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள். எனக்கு ஆசை காட்டப்படவில்லை. எனக்குக் காட்டப்பட்டது பயம். வாழ்நாள் முழுவதும் போலீஸ் நிலையப் படி ஏறாமல் கௌரவமாக வாழ்ந்தவனுக்கு, அந்தக் கௌரவமே தூண்டிற்புழுவாக ஆயிற்று.

நான்காம் நாள் அந்த எண்ணை அழைத்தேன். பதில் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஐந்து மாத மௌனம்

புரிந்தவுடன் நான் செய்திருக்க வேண்டியது என்ன? உடனே வங்கியை அழைத்திருக்க வேண்டும். போலீசுக்குப் போயிருக்க வேண்டும். துணைவியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்றையும் செய்யவில்லை. ஐந்து மாதம் வாய்மூடிக் கிடந்தேன்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி என் துணைவியாரின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக ஒதுக்கி வைத்தது. மருத்துவர் நாள் குறிக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொன்னேன். பண்டிகை முடியட்டும் என்றேன். இன்னொரு மருத்துவரிடம் கேட்போம் என்றேன். இந்த வயதில் கத்தி வைப்பது நல்லதா என்றுகூடக் கேட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

ஆகஸ்டு மாதம் ஒருநாள் இரவு அவர் என்னிடம், "என்னங்க, எனக்குச் செலவு பண்ண உங்களுக்கு மனசு வரலைன்னா சொல்லிடுங்க. நான் கேட்கவே மாட்டேன்" என்றார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவர், நான் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அந்த வார்த்தை என்னை உடைத்துவிட்டது. அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காசு போனாப் போகட்டும். அஞ்சு மாசமா இதை ஒத்தையில சுமந்துகிட்டு இருந்தீங்களே" என்றார். மறுநாள் அவரே என்னைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். நொண்டிக்கொண்டே வந்தார்.

அங்கே எனக்குக் கிடைத்த செய்தி நல்லதன்று. நான் அனுப்பிய பணம் அனுப்பிய அன்றே வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது. முதற் கணக்கு ஓர் இளைஞனுடையது. சில நூறு ரிங்கிட்டுக்காகத் தன் வங்கி அட்டையை யாருக்கோ வாடகைக்குக் கொடுத்தவன். எனக்குத் திரும்பி வந்தது ஒன்றுமில்லை. பிள்ளைகள் பணம் போட்டு, மறு ஆண்டு அரசாங்க மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. இதோ, முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்தக் கதையைச் சொல்ல அவரிடம் அனுமதி பெற்றுத்தான் வந்தேன்.

முத்தநாதன் காட்டிய வழி

நான் ஏமாந்த விதத்தைப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தேன். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது பெரிய புராணத்தில் உள்ள மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. சிறு வயதில் தோட்டத்துக் கோயிலில் என் தகப்பனார் சொல்லக் கேட்டது.

திருக்கோவலூரில் இருந்து சேதி நாட்டை ஆண்டவர் மெய்ப்பொருளார். அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடைமுடி தரித்து, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வந்தான். வேடத்தைக் கண்ட காவலர்கள் வழிவிட்டார்கள். கடைசி வாயிலில் நின்ற தத்தன் மட்டும், "அரசர் உறங்குகிறார், இது சமயமன்று" என்று தடுத்தான். அவனையும் கடந்து உள்ளே போனான். எங்கும் இல்லாத ஆகமத்தைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான். அதைக் கேட்க நாயனார் விரும்பியபோது அவன் விதித்த நிபந்தனை என்ன? நீயும் நானும் தனித்திருக்க வேண்டும் என்றான். அருகிலிருந்த அரசியார் அனுப்பப்பட்டார். அதன் பிறகே கத்தி வெளியே வந்தது.

நாயனார் செய்தது பக்தியின் உச்சம். திருவேடத்தைத் தெய்வமாகவே கண்டு, தம்மைக் குத்தியவனையும் பத்திரமாக ஊர் எல்லை கடத்தி விடச் சொன்ன பெருந்தகை அவர். அந்தப் பக்தியை நாம் ஆராயப் புகவில்லை. முத்தநாதன் கையாண்ட வழியை மட்டும் பாருங்கள். நாம் எதை மதிக்கிறோமோ அதன் வேடத்தில் வந்தான். காலமல்லாத காலத்தில் வந்தான். துணைக்கு இருந்தவரை அப்புறப்படுத்தினான். நம்மை அழைக்கிறவர்களும் இந்த மூன்றையும்தான் செய்கிறார்கள். நாயனார் திருநீற்றை மதித்தார். நாம் போலீஸ், நீதிமன்றம், வங்கி என்ற பெயர்களை மதிக்கிறோம். அவர்கள் அந்த வேடத்தில் வருகிறார்கள். யோசிக்க நேரம் தராமல் அவசரப்படுத்துகிறார்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று தனிமைப்படுத்துகிறார்கள்.

ஆகவே பெரியோர்களே, எத்தனை வகை மோசடி இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆளும் கதையும் மாறும். "யாரிடமும் சொல்லாதே" என்ற வார்த்தை மட்டும் மாறாது. அந்த வார்த்தை காதில் விழுந்த மறுகணம், பேசுகிறவன் முத்தநாதன் என்று முடிவு செய்துவிடுங்கள். உண்மையான போலீஸ் அதிகாரி தொலைபேசியிலேயே விசாரணை நடத்த மாட்டார். பணத்தை வேறு கணக்குக்கு மாற்று என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்.

முன்பு ஒரு கவுண்டர் இருந்தது

ஏமாற்று இந்தக் காலத்தில் பிறந்ததன்று. நம் மக்கள் தோட்டங்களில் கூட்டு பிடித்தார்கள். மாதா மாதம் பணம் போட்டு, ஏலம் எடுத்து, திருமணமும் காதணி விழாவும் நடத்தினார்கள். நடத்தியவர் ஓடிப்போன கதைகளும் நிறைய உண்டு. 1971-இல் நாடாளுமன்றம் அதைத் தடை செய்து சட்டம் இயற்றியபோது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் "கூட்டு" என்ற தமிழ்ச்சொல் இடம்பெற்றுவிட்டது. பிறகு 1980-களில், தைப்பிங் வட்டாரத்தில் தொடங்கிய பாக் மான் தெலோ என்னும் திட்டத்தில் போட்டுப் பணத்தை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பேரங்காடி வாசலில் சீட்டைச் சுரண்டச் சொல்லி, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று கூவி, ஒன்றுக்கும் உதவாத மின்சாதனத்தை ஆயிரக்கணக்கில் விற்றதும் நமக்கு நினைவிருக்கும்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. பணத்தை எடுக்க வேண்டுமானால் வங்கிக்கு வந்தாக வேண்டும். என் கவுண்டருக்கு ஒருமுறை முதியவர் ஒருவர் வந்து, சேமநிதியிலிருந்து வந்த பணம் முழுவதையும் ரொக்கமாகக் கேட்டார். அவர் பார்வை அடிக்கடி வாசல் பக்கம் போனது. வெளியே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான், "என்ன தாத்தா, வீடு வாங்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லத் தடுமாறினார். மேலாளர் அறையில் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்துப் பேசினோம். புதையல் எடுத்துத் தருவதாக யாரோ சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் வெளியே நின்றவர்கள் மாயமாகிவிட்டார்கள். பணம் தப்பித்தது.

அவரைக் காப்பாற்றியது சட்டமா, இயந்திரமா? "என்ன தாத்தா?" என்று ஒரு மனிதன் கேட்ட கேள்வி. இன்று அந்தக் கவுண்டர் நம் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. நடுநிசியிலும் பணம் போகும். அங்கே கேள்வி கேட்பவர் இல்லை. 2023-இல் என்னைக் கேட்க யாரும் இருந்திருக்கவில்லை. இருந்த ஒருவரையும் நானே கதவைச் சாத்தி விலக்கிவிட்டேன்.

ஆதலால் நாம் ஒவ்வொருவரும் நமக்கென ஒரு கவுண்டரை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மகனாகவோ மகளாகவோ தங்கையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ அவர் இருக்கட்டும். "இவரிடம் சொல்லாமல் பெருந்தொகையை அனுப்ப மாட்டேன்" என்று ஓர் உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் 500 ரிங்கிட் என்பது கணக்கு. அதற்கு மேல் என்றால் நான் துணைவியாரிடம் சொல்ல வேண்டும். அவர் என்னிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிரித்தார்கள். பரவாயில்லை, சிரிக்கட்டும்.

இன்றைய வேடங்கள்

இப்போது நடமாடும் சில வேடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, இது என் புது நம்பர்" என்று பிள்ளையின் பெயரில் செய்தி வரும். சிறிது நேரத்தில் அவசரமாகப் பணம் கேட்கும். பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேளுங்கள். குரலையும் இன்று கணினியால் போலியாகச் செய்ய முடிகிறது. எனவே குடும்பத்துக்குள் ஓர் இரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. அதை இந்த மேடையில் சொன்னால் நான் இரண்டாம் முறை ஏமாந்தவனாவேன்!

திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அழைப்பிதழ் என்றால் படமாகவோ தாளாகவோ இருக்க வேண்டும். செயலியைப் பதிவிறக்கு என்று கேட்டால் அது அழைப்பிதழ் அன்று. அதைத் திறந்தால் உங்கள் குறுஞ்செய்திகளை அவன் படிக்கலாம். வங்கி குறுஞ்செய்தியில் டேக் எண் அனுப்பினால் அதுவும் அவன் கைக்குப் போய்விடும்.

பிரபலமான தலைவர் ஒருவர் முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பது போன்ற காணொளி வரும். முகமும் வாயசைவும் பொய்யாகச் செய்யப்பட்டவை. பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் அனுமதியில்லாத நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிடுகின்றன. பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு நிறுவனம் நல்லதாகிவிடாது.

ஆலயத்தின் பெயரிலும் வருகிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். திருப்பணி, அன்னதானம், ஏழைப் பிள்ளையின் மருத்துவச் செலவு என்பார்கள். தோஷம் இருக்கிறது, நகையைக் கொண்டுவந்தால் பூசையில் வைத்துத் தருகிறேன் என்பார்கள். தருமம் செய்யுங்கள், அலுவலகத்துக்கு வந்து இரசீது பெற்றுச் செய்யுங்கள்.

ஏமாந்தவர்களைத் தேடி இரண்டாம் முறையும் வருவார்கள். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். எனக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. இம்முறை தொலைபேசியைத் துணைவியார் கையில் கொடுத்தேன். அவன் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

இன்னொன்று. நண்பரின் பிள்ளை, உறவினரின் பிள்ளை என்று யார் வந்து கேட்டாலும் உங்கள் வங்கி அட்டையை இரவல் கொடுக்காதீர்கள். பிறர் பணத்தை விழுங்கும் கணக்காக அதை மாற்றிவிடுவார்கள். 2024-இல் தண்டனைச் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு, இதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பேரப்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். என் பணம் போனது அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் கணக்கு வழியாகத்தான்.

முதல் ஒரு மணி நேரம்

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் தவறு நேர்ந்துவிடலாம். அப்போது என்ன செய்வது?

முதலில் வங்கியை அழையுங்கள். எண் உங்கள் வங்கி அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது. வங்கிகள் மோசடிப் புகாருக்கென 24 மணி நேரமும் தொலைபேசி சேவை நடத்துகின்றன. அடுத்து 997 என்ற எண்ணை அழையுங்கள். போலீசும் பேங்க் நெகாராவும் வங்கிகளும் சேர்ந்து செயல்படும் தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையம் அது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடுவதற்குள் மடக்கப் பார்ப்பதே அதன் வேலை. பிறகு அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள். செய்திகளையும் எண்களையும் அவமானத்தால் அழித்துவிடாதீர்கள், அவைதாம் சாட்சி.

ஒன்பது, ஒன்பது, ஏழு. எல்லோரும் ஒருமுறை என்னோடு சேர்ந்து சொல்லுங்கள். நன்றி. வீட்டுக்குப் போனதும் தொலைபேசி அருகே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நான் ஐந்து மாதம் கழித்துப் போனேன். ஐந்து நிமிடத்தில் போயிருந்தால் ஒரு பகுதியாவது நின்றிருக்குமோ என்ற எண்ணம் என்னை இன்றும் விடவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

இளைய தலைமுறையினரே, உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். பெற்றோர் இப்படி ஒன்றைச் சொல்ல வரும்போது, "உங்களுக்கு எத்தனை தடவை சொன்னேன்?" என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் அடுத்த முறை அவர்கள் வாயை அடைத்துவிடும். திருடனுக்கு அதுதான் வேண்டும். நான் துணைவியாரிடம் ஏன் சொல்லவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். போலீஸ்காரன் மிரட்டியது மூன்று நாளுக்குத்தான். மீதி ஐந்து மாதமும் என்னை மிரட்டியது, "பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், இனிமேல் வங்கிப் புத்தகத்தை என் கையில் கொடுப்பார்களா?" என்ற பயம். வயதானவனுக்குப் பணம் போவதைவிட, இவன் எதற்கும் ஆகமாட்டான் என்று ஒதுக்கப்படுவதே பெரிய பயம்.

வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு, "யாராவது புதிதாகக் கூப்பிட்டார்களா?" என்றும் கேளுங்கள். தனிமையில் இருப்பவர், அன்பாகப் பேசும் எவனோடும் பேசிக்கொண்டிருப்பார். அந்தத் தனிமையை நாம் நிரப்பாவிட்டால் திருடன் நிரப்புவான்.

சொன்னதால் விளைந்த நன்மை

என் கதையை முதலில் நான் சொன்னது, வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாட்டுக்கு வரும் பத்துப் பன்னிரண்டு பேரிடம்தான். அதற்கு இரண்டு வாரம் கழித்து, பகல் நேரத்தில் ஓர் அம்மையார் என் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றார். நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவி வளர்த்த ஒரே மகன் ஜொகூரில் வேலை செய்கிறான். கையில் நகைப் பை. "பேங்க் ஐயா, மகனைப் பிடிச்சு வச்சிருக்காங்களாம். எண்ணாயிரம் வெள்ளி கட்டினா விட்டுடுவாங்களாம். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க. நீங்க அன்னைக்கு அந்த வார்த்தையைச் சொன்னீங்க. அதான் வந்தேன்" என்றார்.

மகனுடைய எண்ணுக்கு அழைத்தோம். இரண்டு முறை எடுக்கவில்லை. அந்த அம்மையாரின் கை நடுங்கியதை நான் மறக்கமாட்டேன். மூன்றாம் முறை எடுத்தான். தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லையாம். "என்னம்மா, வேலை நேரத்துல?" என்றான். அந்த அம்மையார் பதில் சொல்லாமல் தரையில் உட்கார்ந்து அழுதார்.

என் 46,000 ரிங்கிட் திரும்பி வராது. ஆனால் அன்று அந்த அம்மையாரின் நகைப் பை திரும்பி வீட்டுக்குப் போனது. என் அவமானத்தை நான் பூட்டி வைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

திருவள்ளுவர் "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவர்மேல் பிறகு ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்பது அவர் காட்டும் நெறி. நான் இரண்டையும் செய்தேன். முகம் தெரியாதவனை நம்பினேன். நாற்பத்து மூன்று ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரை, என்னைப் புரிந்துகொள்வாரோ மாட்டாரோ என்று ஐயப்பட்டேன்.

வாரியத்துக்கு ஒரு சிறு விண்ணப்பம் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்தின்போது மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசையும் இரண்டு இளைஞர்களும் போதும். சந்தேகமான செய்தி வந்தவர்கள் தொலைபேசியைக் காட்டிக் கேட்கட்டும். செமாக் மியூல் என்னும் போலீஸ் இணையத்தளத்தில் தொலைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் இளைஞர்கள் நொடியில் சோதித்துப் பார்த்துவிடுவார்கள். செலவில்லாத பணி இது. கேட்பவர் பெயரை எழுத வேண்டாம். யாரும் சிரிக்கவும் வேண்டாம். முதல் மாதம் அந்த மேசையில் உட்கார நான் தயார்.

பெரியோர்களே, இன்று நான் சொன்னதில் மற்றதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கையைவிட்டுப் போகுமுன் ஒருவரிடமாவது சொல்லுங்கள். போய்விட்டாலும் அன்றே ஒருவரிடமாவது சொல்லுங்கள்.